கீழத்தெருவுக்கு மேலே பறந்தவை

பள்ளிக்கூட வராண்டாவில் நிலமெடுப்பு அதிகாரி வாசித்துக்கொண்டிருந்தது நான் எழுதியதை. "மே பதினாலு, மதியம் ரெண்டு மணி. ஜெட். முழு லோடு. வெயிலுக்கு இன்ஜின் திணறுது. கீழத்தெருவுல எங்க வீட்டுக்கு மேல நாலு பனை உயரம்தான்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க ஊர்க்காரரே எழுதியிருக்காரு. அப்புறம் என்ன?" என்றார். எந்தத் தெருவுக்கு மேல் விமானம் தாழப் பறக்கிறதோ அந்தத் தெரு போகும் என்பது அவர்கள் கணக்கு. விமான நிலைய ரன்வேயை நீட்டக் கீழத்தெருவை எடுப்பதா மேலத்தெருவை எடுப்பதா என்று ஆறு மாதமாக நடந்த இழுபறி அத்தோடு முடிந்தது.

நான் பம்புசெட் மெக்கானிக். எந்த இன்ஜினைக் கண்டாலும் அது என்ன இழுவை இழுக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கண்மாய்க் கரையில் உட்கார்ந்து எட்டு வருடம் விமானங்களை நோட்டில் எழுதினேன். விசிறி வைத்த சின்ன விமானம் சீக்கிரமே தரையை விடும், ஆனால் மேலே ஏற நேரமெடுக்கும். தாழ்வாகவே மேலத்தெருப் பக்கம் திரும்பும். ஜெட் நெடுந்தூரம் ஓடும், கிளம்பிவிட்டால் எங்கள் கீழத்தெரு மேலே விறுவிறுவென்று ஏறிவிடும். கோடை மதியத்தில் மட்டும் அதற்கும் மூச்சு வாங்கும். பக்கத்தில் உட்கார்ந்து நேரம் பார்த்துச் சொன்னவன் மேலத்தெரு அருள்பாண்டி. ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி.

போன மாதம் அவன்தான் வந்து கேட்டான். "நோட்டக் குடு மாப்ள. பிளேன் எம்புட்டு உசரத்துல போகுதுன்னு காமிச்சா ரெண்டு தெருவையும் விட்ருவாக." நானும் இளிச்சவாயன் மாதிரி எடுத்துக் கொடுத்தேன்.

அதிகாரி கையில் இருந்தது ஜெராக்ஸ். வாங்கிப் புரட்டினேன். ஜெட் நன்றாக ஏறிய நாள் ஒன்றுகூட இல்லை. மேலத்தெரு மேல் தாழப் பறந்த விசிறி விமானங்களுக்கு ஒரு வரிகூட இல்லை. கோடை மதியங்கள் மட்டும் பதினொரு பக்கம். பொறுக்கி எடுத்திருக்கிறான் பாவி. நேரம் சொன்னவனுக்குத் தெரியாதா, எது எந்தப் பக்கம் என்று.

"இது முழு நோட்டு இல்ல சார்."

"கையெழுத்து உங்களுதுதானே?"

ஆமாம் என்றேன். திரும்பி, கூட்டத்தில் நின்ற அருள்பாண்டியைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"நோட்டு எங்கடா?"

"எங்கிட்டோ வச்சுட்டேன் மாப்ள. வீட்டக் காலி பண்ணும்போது சாமான் ஏத்த என் வண்டியவே எடுத்துக்க. டீசல் நான் போட்டுக்கிறேன்."

என் மனைவி தங்கப்பொண்ணு உள்ளேயிருந்து வந்தாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பாள் என்று நினைத்தேன். வீடு தேடி வருகிறவர்களுக்கு எப்போதும் தருவதைப் போல ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். அவன் வாங்கி அண்ணாந்து குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.