சத்தம் நின்றதும் ரூபா ஓடினாள்

1

"ஓடாத! நில்லு ரூபா, அங்கியே நில்லு!"

அஜித்குமார் கத்தி முடிப்பதற்குள் ரூபா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். செத்தாள்.

(பதறாதீர்கள். செத்தது கணினித் திரையில். வாராவாரம் சஸ்பென்ஸ் எழுதிய கை இது. முதல் பாராவில் ஒரு சாவு இல்லாவிட்டால் நகராது.)

2

கதை பிறந்தது கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில். முன்சீட்டுக் கணவன், மனைவியைக் கேட்டான்: "கேம்ல கூட ஒரு எடத்துல நிக்கமாட்டியா?" அவ்வளவுதான். மீதி என் சரக்கு.

என் அஜித்குமார் ஒரு வீடியோ கேமுக்கு இசை அமைக்கிறான். ஆடுகிறவர் ஓடினால் இசையும் ஓடும். எதிரி நெருங்கினால் டிரம்ஸ் இறுகும். பத்திரமான அறைக்குள் நுழைந்தால் எல்லாம் அடங்கி, சுத்த நிசப்தம்.

(எனக்கு வயிற்றெரிச்சல். என் வாசகர் சாய்ந்து படிக்கிறாரா, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படிக்கிறாரா, நானறியேன். அவன் இசைக்குத் தெரியும்.)

சாயங்காலத்துக்குள் பெங்களூர் கம்பெனிக்கு அனுப்பவேண்டும். பிடித்தால் வேலை. பிடிக்காவிட்டால், மனைவி ரூபா இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வாங்கும் சம்பளத்தில்தான் வீடு ஓடவேண்டும். ஆடிப் பார்க்க வீட்டில் வேறு ஆளும் இல்லை. ரூபா அழகாக... (வேண்டாம். கதைக்குத் தேவையில்லை.)

3

"மியூசிக் நின்னா சேஃப்னு அர்த்தம். ஏன் ஓடற?"

"சத்தம் நின்னா எப்பிடிங்க சேஃபு?"

"ஊரு உலகத்துக்கே அப்பிடித்தான்!"

"எங்க ஷாப்புல வந்து சொல்லுங்க, சிரிப்பாங்க."

"அவ்ளோ பயமா?"

"பயந்தா ஓடறேன்? யாருன்னு பாக்க வேணாமா?"

சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

4

முதல் முடிவு: அந்த அறையில் மெஷின் உறுமலை மெல்லச் சேர்க்கிறான். ரூபா நிற்கிறாள். பெங்களூர்க்காரர்கள், "இதென்ன இரைச்சல்?" என்கிறார்கள்.

இரண்டாவது: நிசப்தத்தை அப்படியே அனுப்புகிறான். வேலை கிடைக்கிறது. ரூபா அந்த கேமை மறுபடி... (எழுத மனம் வரவில்லை.)

எதுவென்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன்.

அஜித்குமாரும் அதே பிரஸ் ஷாப்பில் இருந்தவன்தான். போன வருஷம், பட்டப்பகலில், எல்லா மெஷினும் ஒரேயடியாக நின்றன. ரூபா தன் மெஷினை விட்டு, அடிபட்டது யார், யார் என்று வரிசை வரிசையாக ஓடினாள். மயங்கிக் கிடந்தவனுக்கு அவள் ஓடியது தெரியாது. அவளும் சொன்னதில்லை.

இப்போது 'அனுப்பு' பொத்தானை அழுத்த அவன் நீட்டியிருப்பது இடது கை. வலது கையில் விரல்கள் இல்லை.