அனுப்பீட்டன்

விடிந்தால் செலீன் நோர்வேக்குத் திரும்புகிறாள். ஓகஸ்ட் வரை நிற்கவென்று வந்தவள். மே மாதம் முடிய முதலே பெட்டி கட்டியாயிற்று. போ என்று ஸ்காபரோவின் அந்த மல்வேர்ன் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சித்தப்பா சூசைதாசன் விமான ரிக்கற்றை மட்டும் மாற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

செலீனின் அறைக்குப் பக்கத்து அறையில் சூசைதாசனின் மகள் ஏஞ்சலா படுக்காமல் சுவரோடு சாய்ந்திருந்தாள். பதினாறு வயது. ஏரிக்குப் போய்வந்த நாளிலிருந்து அவளுக்குச் சரியான நித்திரை இல்லை.

செலீன் அவளுடைய பெரியப்பாவின் மகள். பேர்கனில், கடலோரம் பிறந்து வளர்ந்தவள். மழையோ குளிரோ, அவளுக்கு வெளியே போகவேண்டும். வந்த கிழமையே பாணுக்குள் நோர்வேயின் மண்ணிறச் சீஸை வைத்துத் தாளில் சுற்றிக்கொண்டு பார்க்கில் போயிருந்து தின்றாள். "வீட்டில சோறு கிடக்க, உதென்ன பிள்ளை, சவர்க்காரத்தை வெட்டி வச்சமாதிரி?" என்று ஏஞ்சலாவின் தாய் ஜோசப்பின் கேட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செலீனும் கூடச் சிரித்தாள்.

பிறகு யாரிடமோ காற்றடிக்கிற கயாக் படகு ஒன்றை வாங்கி வந்தாள், இரண்டு பேர் இருக்கக்கூடியது. ஏஞ்சலாவுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. தாயைக் கேட்டால் தண்ணீர்ப் பக்கமே விடமாட்டாள். அதனால், "அக்காவோட மோலுக்குக் கடை பாக்கப் போறன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். செலீனிடம், அம்மாவிடம் கேட்டுவிட்டேன் என்றாள்.

ஸ்காபரோவின் குன்றுகளுக்குக் கீழே, ஏரிக்கரையில் நல்ல வெயில். செலீன் இருவருடைய லைஃப் ஜாக்கெட் பட்டிகளையும் இழுத்துப் பார்த்தாள்.

"சித்திக்கு மெசேஜ் போடு. எங்க இறங்கிறம், எந்தப் பக்கம் போறம், மூண்டு மணிக்குத் திரும்பிடுவம் எண்டு."

"சீரியஸ்லி அக்கா? இது லேக் தானே."

"லேக்கும் தண்ணிதான். எங்கட பக்கம் ஒருத்தரும் சொல்லாமல் இறங்கமாட்டினம். எழுவது வயசு மனிசனும் வீட்டில சொல்லிப்போட்டுத்தான் போட்டில ஏறுவார். வராட்டித் தேட ஆள் வேணுமெல்லோ?"

ஏஞ்சலா திரும்பி நின்று போனைத் தட்டினாள். சினேகிதி ஒருத்திக்கு ஒரு சிரித்த முகம் போனது.

"போட்டிட்டியோ?"

"ஓம், அனுப்பீட்டன்."

தாய் அழைத்தால் அகப்பட்டுவிடுவோமே என்று போனையும் காரிலேயே விட்டாள்.

குன்றின் மறைவில் காற்றுத் தெரியவில்லை. கொஞ்சம் தள்ளிப் போனதும் அது பின்னாலிருந்து பிடித்து ஏரிக்குள் தள்ளியது. திருப்பப் பார்த்தபோது கயாக் கவிழ்ந்தது. மறுபடி ஏறிக்கொண்டபோது இரண்டு துடுப்பில் ஒன்றைக் காணவில்லை, செலீனின் போனையும் காணவில்லை. மே மாதத் தண்ணீர் எலும்புவரை குத்தியது.

செலீன் பதறவில்லை. பையில் நனையாமல் கிடந்த ஒரே கம்பளிச் சட்டையை ஏஞ்சலாவுக்குப் போட்டுவிட்டாள். மிஞ்சிய துடுப்பை மடியில் வைத்துக் கரையைப் பார்த்தாள்.

"அந்த மூலைக்கு இழுத்துப் பாக்கலாம். ஆனா களைச்சமெண்டால் விறைச்சுப்போவம். மூண்டு மணி தாண்டச் சித்தி தேடுவா. ஒட்டிக்கொண்டு இருப்பம். வந்த உடன எனக்குத்தான் முதல் அடி, பிறகுதான் உனக்கு."

அக்கா, ஒருத்தரும் தேடமாட்டினம். சொல்லவேண்டியது அவ்வளவுதான். ஏஞ்சலாவின் வாய்வரை வந்தது. ஆனால் செத்துப்போவோம் என்ற பயத்தைவிட, அக்கா என்ன நினைப்பாள் என்ற பயம் அந்நேரம் பெரிதாக இருந்தது.

மூன்று மணி எப்போது போனதோ. செலீன் ஏதோ நோர்வே மொழிப் பாட்டுப் பாடினாள், பிறகு முணுமுணுத்தாள், பிறகு அதுவும் இல்லை. பொழுது சாய, பாய்ப்படகில் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கண்டு இருவரையும் தூக்கினார்கள். செலீன் கண் திறக்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே ஜோசப்பின் எல்லோருக்கும் போன் எடுத்துச் சொல்லி முடித்துவிட்டாள்: "சொல்லாமல் கொள்ளாமல் என்ர பிள்ளையைக் கொண்டுபோய்த் தண்ணிக்குள்ள விட்டவள்." செலீன் வீடு வந்த பிறகு அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. செலீனும் ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் ஏஞ்சலாவை இன்னும் பயமுறுத்தியது.

இப்போது ஏஞ்சலா எழுந்துபோய்ச் செலீனின் கதவைத் தட்டினாள்.

"அக்கா, நித்திரையோ?"

"இல்லை, வா. இந்த ரெண்டு விரலும் இன்னும் மரத்துக் கிடக்கு."

"அக்கா... அண்டைக்கு நான் மெசேஜ் போடேல்லை."

விரலைத் தேய்த்த கை நின்றது. "சித்திக்கோ?"

"ஓம். அம்மா மோல் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தவ."

செலீன் யன்னல் பக்கம் திரும்பினாள். "நான் என்ன நினைச்சன் தெரியுமே? சித்தி பாத்திட்டும் சும்மா இருந்திட்டா எண்டு. ஆஸ்பத்திரியில கிடந்து அதைத்தான் நினைச்சன். கேக்கப் பயமா இருந்தது."

"சொரி அக்கா."

"கரையில சொன்ன பொய்யை விடு. தண்ணியில ஏன் சொல்லேல்லை? அப்ப எனக்குக் கையில பெலன் இருந்தது, ஏஞ்சலா. நான் இழுத்திருப்பன்."

  ஏஞ்சலா எழுந்து தாயின் அறைக்குப் போனாள்.

ஜோசப்பின் இருட்டில் எழுந்திருந்து நடந்ததையெல்லாம் கடைசிவரை கேட்டாள். அடிக்கவில்லை, ஏசவில்லை. "ஆஸ்பத்திரியில அவள் என்னட்டத் தண்ணி கேட்டவளடி" என்றாள். "நான் நேர்ஸைக் கேள் எண்டு சொல்லிப்போட்டு வெளியில வந்தனான்."

அவள் வெறுங்காலோடு செலீனின் அறைக்குப் போனாள். பின்னால் போன ஏஞ்சலாவைத் திரும்பிப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே தாய் அழுவது கேட்டது. "ரிக்கற்றை மாத்துவம் பிள்ளை, நில்லு, சித்தப்பாவோட நான் கதைக்கிறன்." பிறகு செலீனின் களைத்த குரல்: "பரவாயில்லை சித்தி. நான் வீட்டை போறன்."

அந்தக் குரலில் கோபம் இருக்கிறதா என்று ஏஞ்சலா காதைக் கொடுத்துக் கேட்டாள். இல்லை. கோபம் இருந்திருந்தால் உள்ளே போய் ஏச்சை வாங்கியிருப்பாள். கதவுக் குமிழில் வைத்த கையைத் திருப்பாமல், அங்கேயே நின்றாள்.