அண்ணி திருத்திய வீறிடல்

1

ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன்: இந்தக் கதை ஒரு பென்சில் கோட்டிலிருந்து பிறந்தது. அச்சுக்குப் போகவிருந்த என் சிறுகதைத் தொகுப்பில் பதினேழு பெண்கள் வீறிட்டார்கள். கரப்பான் பூச்சிக்கும் வீறிட்டார்கள், பிணத்துக்கும் வீறிட்டார்கள். பதினேழின் கீழும் கோடு. கடைசிக் கோட்டின் ஓரத்தில், "இவளுமா?"

கோடு போட்டது என் அண்ணி. அச்சகத்துக்காக வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறவள். ஆறு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. நம் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள்.

(காது கேட்காதவளுக்கு இந்தச் சொல்லைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டேன். நினைத்தது நிஜம், இருக்கட்டும்.)

2

"அன்று மதியம் குழந்தை வீறிட்டபோது நான்..."

வேண்டாம். குழந்தை வீறிடவில்லை. விஷயமே அதுதான்.

அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். எட்டு மாதக் குழந்தை கூடத்தில் பாயில் கிடந்தாள்.

"சோறு வடிச்சுட்டு வரேன். பாத்துக்க," என்றாள் அண்ணி.

"அத்தை நான் இருக்கேன்ல, அண்ணி. போங்க."

என் மடியில் காகிதக் கட்டு. வீறிடலுக்கு மாற்றுச் சொல் தேடிக்கொண்டிருந்தேன். கீச்சிடல் கதவுக்கும் பொருந்தும். அலறலில் பயம் இருக்கிறது, ஓலத்தில் துக்கம். வீறிடலில் என்ன இருக்கிறது? குழந்தை கொஞ்சம் சிணுங்கினாள். பிறகு சத்தம் நின்றது. அப்பாடா என்று பக்கத்தைப் புரட்டினேன்.

அண்ணி வேலைக்கு நடுவே நிமிஷத்துக்கொரு தரம் எட்டிப் பார்ப்பாள். அவளுக்கு அதுதான் காது. அப்படிப் பார்த்தவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அப்போதுதான் நான் திரும்பினேன். குழந்தையின் வாய் திறந்திருந்தது. உதடு நீலம். சத்தமே இல்லை. பக்கத்தில் என் பேனா, மூடி இல்லாமல்.

முன்கையில் குப்புறக் கவிழ்த்து, தலையைத் தாழ்த்தி, முதுகில் ஓங்கித் தட்டினாள் அண்ணி. நான்காவது தட்டில் மூடி தரையில் விழுந்தது.

அப்புறம் அந்தச் சத்தம்.

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன். அதில் உவமை இருந்தது.]

பொறுக்க முடியாத சத்தம். ஆனால் அது நின்றுவிடக் கூடாதே என்று கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தேன். அண்ணி குழந்தையின் மார்பில் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள். அவள் கை நடுங்கியது. அவளுடைய நடுக்கமா, குழந்தையின் குரலா, தெரியவில்லை.

3

(அன்று மாலை அகராதியைப் பார்த்தேன். வீறிடுதல்: திடீரென உரக்கக் கத்துதல். பக்கத்திலேயே, வீறு: வேறெதற்கும் இல்லாத சிறப்பு. இரண்டுக்கும் உறவு உண்டா, தெரியாது. இத்தனை வருஷம் இந்தச் சொல்லைக் கரப்பான் பூச்சிக்குச் செலவழித்திருக்கிறேன்.)

4

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் முதல் வரைவில் குழந்தையைக் காப்பாற்றியது நான். அதைத்தான் அண்ணியிடம் திருத்தக் கொடுத்தேன். இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தித் திருப்பித் தந்தாள்.

"வேற ஒண்ணும் இல்லையா, அண்ணி?"

"கதைதானே. யார் காப்பாத்தினா என்ன." ஒரே சுருதியில் சொன்னாள். "மூடி யாரோடதுன்னு மட்டும் எழுதல நீ."

வரைவைக் கிழித்துவிட்டு இதை எழுதினேன்.

5

முடிவு ஒன்று: அண்ணி என்னை மன்னித்துவிட்டாள். (பொய். அந்தப் பேச்சே அவள் எடுக்கவில்லை.)

முடிவு இரண்டு: அதற்குப் பிறகு நான் அந்தச் சொல்லை எழுதவே... இதுவும் பொய்.

நடந்தது இவ்வளவுதான். இதுவரை எழுதியதைப் படித்து முடித்த அண்ணி, தூங்கும் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அவ கத்துனது எனக்குக் கையில தெரிஞ்சுது. காதுல எப்படி இருந்துச்சு?"

"வீறிட்டா, அண்ணி."

"அது வார்த்தை. எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வரவில்லை. மூச்சு நின்ற பிள்ளை மறுபடி அழுததைக் கேட்டவர் யாராவது உங்களில் இருந்தால், இப்படி முன்னால் வந்து, உதடு தெரியும்படி, மெதுவாக, அவளுக்குச் சொல்லுங்கள்.