ஒன்பது நாள் பின்தங்கிய அறை

பேருந்து நிலைய நேரக் காப்பாளரின் வீட்டில், மகளின் அறை மட்டும் மற்ற அறைகளைவிட ஒன்பது நாள் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் பதினான்காம் தேதி என்றால் அந்தக் கதவுக்கு அப்பால் ஐந்தாம் தேதி. ஐந்தாம் தேதி பெய்த மழை பதினான்காம் தேதிதான் அவள் ஜன்னலில் பெய்தது. ஐந்தாம் தேதி கதவைத் தட்டிச் சொன்னது பதினான்காம் தேதிதான் அவள் காதில் விழுந்தது. கைபேசிகூட உள்ளே போனதும் பழைய தேதிக்கு மாறிக்கொண்டது. நெட்வொர்க் சரியில்லை என்பாள்.

இது ஒரே நாளில் வந்த வினை அல்ல. பதின்மூன்று வயதில், ஈரத் துண்டைக் கட்டிலிலிருந்து எடுக்கச் சொன்னதற்கு, "அஞ்சு நிமிஷம்மா" என்றாள். எடுக்கவில்லை. அறை ஐந்து நிமிடம் பின்னுக்குப் போனது. பிறகு எச்சில் தட்டு, குப்பைக் கூடை, மடிக்காத துணி, குளியல் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அஞ்சு நிமிஷம் சேர்ந்தது. முதலில் கண்டுபிடித்தவர் அப்பா. லிஃப்ட் மெக்கானிக்கான அவர், எந்தப் பழுதுக்கும் எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கும் என்று நம்புகிறவர். கடிகாரத்துக்கு மூன்று முறை பேட்டரி மாற்றினார், கீல்களுக்கு எண்ணெய் விட்டார், கதவையே கழற்றித் திரும்ப மாட்டினார். கதவு சத்தமில்லாமல் திறந்தது. அறை மசியவில்லை. அம்மாவுக்கோ வயிற்றெரிச்சல். நாளொன்றுக்கு முந்நூற்று நாற்பது பேருந்துகளைச் சொன்ன நிமிடத்துக்குக் கிளப்புகிறவள் அவள். அவள் விசிலுக்கு ஓட்டுநர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்கள். "ஊரையே கிளப்பி விடறேன், நான் பெத்த ஒண்ணைக் கட்டில்ல இருந்து கிளப்ப முடியல" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

பதினைந்து வயதில் பின்னடைவு ஒரு நாளைத் தொட்டது. இன்று கூப்பிட்டால் நாளைதான் கேட்கும் என்பதால், உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்து வரவேண்டியிருந்தது. ஒரு நாள் அப்பா, ஒரு நாள் அம்மா என்று முறை வைத்து இழுத்தார்கள். "உங்களை யாரு கேட்டா?" என்று வெளியே வந்ததும் எரிந்து விழுவாள். தலைமையாசிரியை இருவரையும் கூப்பிட்டுப் பேசினார். "இன்னும் எத்தனை வருஷம் இழுப்பீங்க? விட்டுட்டுப் பாருங்க. அவளா வரட்டும்."

விட்டார்கள். முதல் வாரம் முழுக்க அம்மாவுக்குக் கை நமநமத்தது. கணக்குத் தேர்வுக்காகத் தலை வாரி, பேனாவும் ஸ்கேலுமாக மகள் கூடத்துக்கு வந்து நின்றபோது, தேர்வு முந்தைய நாளே முடிந்திருந்தது. "எழுப்பியிருக்கலாம்ல? எல்லாம் உங்களாலதான்!" என்று கத்தினாள். அன்று அறை ஒரேயடியாக அரை நாள் பின்னுக்குப் போனது. சொன்னதைச் செய்யாததற்கு ஐந்து நிமிடம், பழியை அடுத்தவர் தலையில் போடுவதற்கு அரை நாள் என்பது அப்போதுதான் வீட்டாருக்குத் தெரிந்தது. அவள் போட்ட பழிகளுக்குக் குறைவில்லை. ஒன்பது நாள் அப்படித்தான் ஆனது.

ஒரு பிற்பகல், அப்பா வேலைக்குப் போயிருந்தபோது, மகளைத் துடைக்கச் சொல்லியிருந்த தண்ணீரில் அம்மா வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. மாடியிறங்கிக்கொண்டிருந்த மேல்வீட்டுத் தையல்காரர் சத்தம் கேட்டு வந்து மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். மாலையில் சாப்பிட வெளியே வந்த மகள் மாவுக்கட்டைப் பார்த்தாள்.

"என்னம்மா இது? என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டேன்."

"சும்மா சொல்லாத. நான் உள்ளதான இருந்தேன்."

அம்மா இடது கையால் அவளுக்குச் சோறு போட்டாள். அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

ஒன்பது நாள் கழித்து, அம்மா நிலையத்தில் இடது கையால் கோணல்மாணலாகப் பேருந்து நேரங்களை எழுதிக்கொண்டிருந்த அதே பிற்பகல் வேளையில், மகள் அறையில் தனியே படுத்திருந்தாள். வெளியே தொப்பென்று ஒரு சத்தம், பாத்திரம் உருளும் ஓசை. "பாப்பா, கொஞ்சம் வாயேன்." ஓடினாள். சமையலறையில் யாருமில்லை, தரை காய்ந்திருந்தது. திரும்பி அறைக்குள் வந்தாள். "கை போச்சுடி கண்ணு. எந்திரிக்க முடியல." மறுபடி ஓடினாள். யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் மூன்றாவது தடவையும் நான்காவது தடவையும் ஓடினாள். ஐந்தாவது தடவை கால் வரவில்லை. கதவின் உட்புறத்தில் நெற்றியை வைத்து, "வந்துட்டேன்மா, இங்கதான் இருக்கேன்" என்றாள். ஆறாவது முறை குரல் அவளைக் கூப்பிடவில்லை. "தூங்கறா போல. பாவம், தூங்கட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. பிறகு படிக்கட்டுப் பக்கமாகத் தையல்காரரைக் கூப்பிட்டது.

அன்று அம்மா வீடு திரும்பியபோது தரை துடைத்திருந்தது, பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அம்மா பாராட்டவில்லை, அந்தத் தெம்பு அவளிடம் இல்லை. ஒரு தட்டை எடுத்துத் தடவிப் பார்த்து, "சோப்பு போகல" என்றாள். மகளுக்கு மூக்கு விடைத்தது. தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்த் திரும்பக் கழுவினாள். அறை ஐந்து நிமிடம் முன்னுக்கு வந்தது.

ஒன்பது நாளில் ஐந்து நிமிடங்கள் இரண்டாயிரத்து ஐநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அவள் ஒன்றும் தங்கமாக மாறிவிடவில்லை. கதவை அறைந்து சாத்துவதை நிறுத்தவில்லை, கேள்விக்குக் கேள்விதான் பதில், இரண்டு முறை பழியை லீவுக்கு வந்திருந்த சித்தி பையன்மேல் போட்டு ஒரு முழு நாளை இழந்தாள். ஆனால் எழுப்பாமலே எழுந்தாள். தவறவிட்ட கணக்குத் தேர்வைத் தானே போய்க் கேட்டு மறுபடி எழுதினாள். ஏழெட்டு வாக்குவாதத்துக்கு நடுவே ஏழெட்டு வேலையும் நடந்தது. பதினைந்து மாதத்தில் அறை வீட்டை ஏறக்குறைய எட்டிப் பிடித்தது. எண்ணெய் இப்போதுதான் வேலை செய்கிறது என்றார் அப்பா.

நாற்பது நிமிடம் மட்டும் மிச்சம் நிற்கிறது. அதைக் கேட்டால், "என் ரூமு, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்கிறாள். அம்மாவும் விட்டுவிட்டாள். வெளியே பொழுது சாய்ந்த பிறகும் அந்த ஜன்னலில் நாற்பது நிமிடம் வெயில் அடிக்கிறது. வேலை முடிந்து வந்ததும் அம்மா தன் சீருடையைத் துவைத்து அங்கேதான் காயப் போடுகிறாள்.