லீலாவதி பாடுன தட்டு

எம் பொண்டாட்டி லீலாவதிக்குப் பிடிவாதம்னா அப்படியொரு பிடிவாதம். தொண்டையில கட்டி, குரல்வளையையே எடுத்தாத்தான் உசுரு தங்கும்னு திருச்சி டாக்டர் சொல்லிட்டாரு. இவ கையெழுத்துப் போட மாட்டேங்குறா. "ஊமையா கெடந்து பொழைக்கிறதுக்குப் பேசிக்கிட்டே போய்ச் சேந்துடுறேன்"ங்குறா. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எங்க டீக்கடை. அவ அங்க நின்னு ஒரு அதட்டு போட்டா துறையூர் பஸ்ஸே நின்னு கேக்கும். அந்தத் தொண்டைக்கா இந்தக் கதி? பாழாப்போன சாமிக்கு வேற எடமே கெடைக்கலையா?

கால்ல கூட விழுந்துட்டேன். அசையல. கடைசியில ஒரு நாள் கரகரன்னு சொன்னா: "எங்குரலு எங்கயாவது இருக்குன்னு தெரிஞ்சா போதும். அப்புறம் தாராளமா அறுக்கட்டும்."

டேப்புல புடிச்சு வச்சுக்கலாமேன்னேன். "இந்தத் தகர டப்பாக் குரலையா?"ன்னு எரிஞ்சு விழுந்தா. அவ கேட்டது வேற. எழுபத்தாறுல மெட்ராஸ்ல டீச்சர் ட்ரெய்னிங் படிக்கிறப்ப, காலேஜ் பசங்க பேண்டோட சேந்து ஒரு எல்.பி. ரெக்கார்டுல ஒரே ஒரு பாட்டு பாடியிருக்கா. அமெரிக்காவுல கறுப்பு சனங்க பாடுற சோலு, ஃபங்க்குன்னு சொல்லுவாங்களாம், அந்தத் தினுசாம். தபேலா கெடையாது, வயலின் கெடையாது. ட்ரம்ஸு, ட்ரம்பெட்டு, அடிவயித்துல இடிக்கிற பேஸ் கிடாரு. ஒரு பய வாங்கல. அவ வச்சிருந்த ஒண்ணையும் எங்க மாமனாரு, பொம்பளப் புள்ள இப்படியா கத்துறதுன்னு அடுப்புல வச்சுட்டாரு. அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருசம் ஓடிப்போச்சு. நானே அதைக் கேட்டதில்ல.

தேட ஆரம்பிச்சேன். கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் கொழாய் ஸ்பீக்கர் கட்டுற ரேடியோ செட்டுக்காரங்க கிட்டதான் பழைய ரெக்கார்டுத் தட்டு இருக்கும். பெரம்பலூர்ல கேட்டேன், அரியலூர்ல கேட்டேன், தா.பழூர் வரைக்கும் அலைஞ்சேன். "சிடி வந்து எவ்வளவு நாளாச்சு, இவரு தட்டு தேடிக்கிட்டு வராரு"ன்னு சிரிச்சானுங்க. வெந்நீர்ல போட்டு வளைச்சுப் பூக்கூடை பண்ணிட்டேன்னான் ஒருத்தன். கன்னத்துல ஒண்ணு வுட்டுருப்பேன், கையை அடக்கிக்கிட்டேன். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரியில வந்து சேந்தாத்தான் ஆச்சு, இனிமே தள்ளிப்போட்டா பரவிடும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு.

அந்த வியாழக்கிழமை காலையிலதான் உடையார்பாளையத்துல, செட்டுக்காரர் உத்திராபதி பரண்ல அது கெடச்சுது. மெட்ராஸ்ல எடைக்குப் போட்ட தட்டுகளோட வாங்கியாந்தாராம். அட்டையில பெல்பாட்டம் போட்ட நாலு பசங்க, நடுவுல ரெட்டைச் சடையோட எம் பொண்டாட்டி. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தட்டை உருவிப் பாத்தேன். ரெண்டாவது பக்கத்துல கடைசிப் பாட்டு மேல கோணல் மாணலா ஆழமான கீறல்.

"என்னங்க இது?"

"நாந்தான் ஆணியால கீறுனேன்"னாரு உத்திராபதி. "'நான் போறேன், கதவைச் சாத்திக்கோ'ன்னு ஒரு பொம்பள பாடுதுங்க. தாலி கட்டுற நேரத்துல வேலையாளு தெரியாம அதைப் போட்டுத் தொலைச்சான்னா? கல்யாண வூட்ல தோலை உரிச்சுடுவாங்க. ஆகாத பாட்டையெல்லாம் நாங்க இப்படித்தான் கீறி வுட்டுடுறது."

"யோவ், அது எம் பொண்டாட்டி குரலுய்யா!"ன்னு கத்திப்புட்டேன். அந்த மனுசன் என்ன பண்ணுவாரு, பாவம். அவரு ரெக்கார்டு பிளேயரையும் சேத்துக் கட்டிக் குடுத்தாரு.

வூடு வந்து சேர மதியம் மூணு ஆயிடுச்சு. லீலாவதி எதிர்ல உக்காந்திருக்க, முள்ளை வச்சேன். பேஸ் கிடாரு தொம்முன்னு எறங்குச்சு. ட்ரம்பெட்டு கிளம்புச்சு. அப்புறம் ஒரு குரல். ஆத்தாடி! "நான் போறேன்..." அவ்வளவுதான். முள்ளு கீறல்ல மாட்டி "கதவை, கதவை, கதவை"ன்னு அடிச்சுக்கிச்சு. தள்ளி வச்சா வழுக்கிக்கிட்டுப் போயி தட்டு நடுவுல நின்னுச்சு. திரும்ப வச்சேன். மறுபடியும் கதவை, கதவை. எல்லாம் போச்சுன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதேன்.

அவ அழல. என் கையைத் தட்டி வுட்டுட்டு, முள்ளை மொதல்லேருந்து வச்சா. அது மாட்டிக்கிட்ட எடத்துல, தொடையில தாளம் தட்டி, மீதிப் பாட்டை அவளே பாடுனா. கிழிஞ்ச குரல். மேல போற எடத்துல வெறும் காத்துதான் வந்துச்சு. இருமுனா, எச்சிலை முழுங்கிட்டு மறுபடி புடிச்சா. இத்தனை வருசத்துல அவ அதட்டலைக் கேட்டிருக்கேன், திட்டைக் கேட்டிருக்கேன், இதைக் கேட்டதில்ல.

"வேணாம் லீலா." என்னையும் அறியாம வாயில வந்துடுச்சு. "ஆபரேஷன் வேணாம். இதை அறுக்க நான் வுட மாட்டேன்."

அவ முள்ளைத் தூக்கி ஓரமா வச்சா. "கூறுகெட்ட மனுசா, நேத்து வரைக்கும் கால்ல விழுந்தியே! நான் உசுரோட இருக்கணுமா, வேணாமா? எங்குரலை நான் கேட்டுட்டேன், போதும். பையை எடு."

திருச்சி பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து அவதான் பேசிக்கிட்டே வந்தா. பால்காரர்கிட்ட நாலு நாளைக்குப் பால் வேணாம்னு சொன்னியா, உன் பனியனெல்லாம் ஓட்டை, ஆஸ்பத்திரியில நாலு பேரு பாப்பாங்க, சமயபுரம் வந்துடுச்சு, கும்புட்டுக்க. நான் "ம்" கூடக் கொட்டல. கொட்டுற நேரத்துல அவ சொல்ற ஒரு சொல்லு எங்காதுல வுழாமப் போயிடுமோன்னு பயமா இருந்துச்சு.