மாமனார் என்ற புள்ளி

மருந்துக்கடைக்காரியின் புருஷனுக்குத் தெருவில் 'லைட்டு' என்று பேர். மனிதர் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. மின்சாரத்துக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய ஃபிலிம் கேமரா வாங்கினார். அன்றிலிருந்து யார் எதற்குக் கூப்பிட்டாலும் "இருங்க, லைட்டு வரட்டும்" என்பார். கலர் படம் என்று யாராவது சொன்னால் முகத்தைச் சுளிப்பார்.

குளிர்காலம் வந்துவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. பனி மூடிய வயல், பனி மூடிய வேலி, பனி மூடிய இன்னொரு வயல். கேமராவின் மீட்டர் காட்டுவதை அப்படியே நம்பினால் வெள்ளைப் பனி சாம்பலாகிவிடும், வெளிச்சத்தைக் கூட்டி எடுக்க வேண்டும் என்று எந்த ஆரம்பப் புத்தகத்திலும் முதல் பத்துப் பக்கத்துக்குள் எழுதியிருக்கும். லைட்டு மீட்டரைத்தான் நம்பினார். அவர் எடுத்த பனியெல்லாம் பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்தில் வந்தது. அதற்கு 'மௌனம்' என்று பேர் வைத்து, ஒன்று இரண்டு என்று எண்ணும் போட்டுவிட்டார்.

ஊர்க்காட்சிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. தபால்காரர் பனியில் தெருவைத் தாண்டுவது இயல்பாக வரவேண்டும் என்பதற்காக அவரை ஆறு தடவை தாண்ட வைத்தார். முடிதிருத்துகிறவர் கடைவாசல் பனியைத் தள்ளி முடித்த நேரத்தில் போய், "அதைத் திரும்ப வாரிப் போட்டுட்டு, இயல்பா இன்னொரு தடவை தள்ளுங்க" என்றார். அதற்கப்புறம் அந்தக் கடையில் தலையைக் காட்ட முடியவில்லை. முடி தோள்வரை வளர்ந்தது. கலைஞன் என்றால் அப்படித்தான் என்று அவரே எல்லோருக்கும் விளக்கினார்.

இந்த வருஷம் மாட்டிக்கொண்டவர் மாமனார். பக்கத்து ஊர் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், குளிருக்கு மகள் வீட்டில் தங்க வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை லைட்டு, மனைவி, மாமனார் மூன்று பேரும் காரில் ஊருக்கு வெளியே போனார்கள்.

"பிரமாண்டம் தெரியணும்னா ஒரு மனுஷன் வேணும் மாமா. அந்த மரத்துக்கிட்டப் போய் அந்தப் பக்கம் பார்த்து நில்லுங்க. லைட்டு வந்ததும் எடுத்துடறேன். நடுவுல திரும்பி வந்துடாதீங்க, காலடித் தடம் விழுந்து பனி கெட்டுப்போயிடும்."

மருந்துக்கடைக்காரியின் அப்பா போய் நின்றார். மேகம் விலகுகிற வழியாக இல்லை. ஒருவழியாக விலகி, லைட்டு ஒரு படம் எடுத்து, "இன்னொண்ணு மாமா!" என்று கத்தியபோது அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. திரும்பி, பனியைச் சதக் சதக்கென்று மிதித்துக்கொண்டு நேராகக் கேமராவை நோக்கி வந்தார். அந்தப் பதற்றத்தில் லைட்டின் விரல் பட்டனை அழுத்திவிட்டது. "ஒரு ஃபிரேம் வீண்" என்று வீடு வரும்வரை புலம்பிக்கொண்டே வந்தார்.

ஆனாலும் அப்பாவுக்கு உள்ளூரப் பெருமைதான். நூலக மாடியில் மருமகனின் கண்காட்சி என்றதும், பழைய டிப்போ நண்பர்களுக்கு ஒருவர் விடாமல் போன் போட்டார். "என்னைப் படம் பிடிச்சிருக்காருப்பா மாப்பிள்ளை. பெரிசா மாட்டப்போறாங்க. சனிக்கிழமை பதினோரு பேரும் வந்துடுங்க."

வெள்ளிக்கிழமை காலையில்தான் மகள் அந்தப் பெரிய படத்தைப் பார்த்தாள். மௌனம் – 9. சாம்பல் வயல், சாம்பல் வானம், நடுவே கடுகளவுக்கு ஒரு புள்ளி. அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு.

"இதுல அப்பா எங்கங்க?"

"அதோ, புள்ளி. மனுஷன் இயற்கைக்கு முன்னாடி எவ்வளவு சின்னவன்னு தெரியுதில்ல?"

பதினோரு கிழவர்கள் ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அப்பா எங்கே எங்கே என்று தேடப்போகிறார்கள். அப்பா அந்தப் புள்ளியை விரலால் தொட்டுக் காட்டவேண்டும். அந்தக் காட்சியை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

லைட்டு படங்களை மாட்ட நூலகத்துக்குக் கிளம்பியதும், அவள் கடைக்கு அரைநாள் லீவு சொன்னாள். ஒரு சுருளின் முப்பத்தாறு படங்களையும் தபால்தலை அளவில் காட்டும் தாளை எடுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒன்றின் மேல் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி. அதில் அப்பா.

குளியலறைதான் அந்த வீட்டின் இருட்டறை. படம் கழுவும் மருந்து கலக்க லைட்டுக்கு வராது; அளவு பார்த்துக் கலப்பது எப்போதும் அவள்தான், நேரம் எண்ணுவதும் அவள்தான். ஜன்னலுக்குக் கம்பளியைக் கட்டினாள், சிவப்பு பல்பைப் போட்டாள், வாஷிங் மெஷின் மேல் இருந்த, படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் நெகட்டிவைச் செருகினாள். மூன்று தாள் பாழாயிற்று. நாலாவது தாள் மருந்தில் கிடக்கும்போது கதவு தட்டப்பட்டது.

"பாப்பா, அவசரம்மா."

"பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வாங்கப்பா!"

அப்பா முனகிக்கொண்டே பக்கத்து வீட்டுக்குப் போனார். தட்டில் அவர் முகம் மெல்ல எழுந்து வந்தது. காதை மூடிய தொப்பி, மீசையில் பனி, திறந்த வாய், கண்ணில் கொலைவெறி. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சனிக்கிழமை காலை லைட்டு சிறப்பு விருந்தினரை வரவேற்க நூலக வாசலில் நின்றிருந்தபோது, அவள் மாடிக்குப் போய்ச் சட்டத்தைக் கழற்றி, புள்ளியை எடுத்துவிட்டு அப்பாவை வைத்தாள். கீழே 'மௌனம் – 9' என்ற அட்டை அப்படியே இருந்தது.

சிறப்பு விருந்தினர் ஓவியக் கல்லூரியில் பேராசிரியர். எட்டு மௌனங்களையும் கொட்டாவியை அடக்கிக்கொண்டே தாண்டினார். ஒன்பதாவதில் நின்றுவிட்டார். "அடேயப்பா! இப்படி ஒரு அலறலுக்கு மௌனம்னு பேர் வெச்சீங்க பாருங்க, அங்கதான் நீங்க நிக்கிறீங்க" என்றார்.

லைட்டின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பேராசிரியரைப் பார்த்தார். அதற்குள் டிப்போக்காரர்கள் பதினோரு பேரும் படத்தை மொய்த்துக்கொண்டார்கள். "யோவ், இந்த மூஞ்சிக்குப் பயந்துதானே நாம வண்டியை நேரத்துக்கு எடுத்தோம்!" என்று ஒருவர் கத்த, மாடியே அதிர்ந்தது. அப்பா வெட்கத்தில் மீசையைத் தடவிக்கொண்டார்.

லைட்டு சட்டென்று தேறிவிட்டார். "சார், இந்த ஒரு முகத்துக்காக அந்தப் பனியில ஒண்ணேமுக்கால் மணி நேரம் காத்துக்கிட்டிருந்தேன்" என்றார், கூந்தலை ஒதுக்கிக்கொண்டே.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் அவள். அப்பாதான் பேசினார்.

"காத்துக்கிட்டிருந்தது நான், மாப்பிள்ளை. நீங்க ரெண்டு பேரும் கார்ல உக்காந்திருந்தீங்க."

கிழவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். புருஷன் அசடு வழிவதை ஆசைதீரப் பார்க்கலாம் என்று காத்திருந்தவளுக்கு அந்த 'ரெண்டு பேரும்' சுருக்கென்று தைத்தது. பொய்யில்லை. ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டு, கார்க் கண்ணாடி வழியாக அவளும் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "அப்பாவுக்குக் குளிருமே" என்று ஒரு தடவை சொல்லக்கூடச் சொன்னாள். சொல்லிவிட்டு, கை விறைக்கிறது என்று ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.