சுவாதியின் ஈரப் பெட்டி

பரளச்சி ஊர்க் கரிசல் மண்ணிடம் போய் ‘காய்ந்திருக்கிறாயா’ என்று கேட்பது, கடலிடம் உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலத்தான். மூன்றாம் வகுப்பு சுவாதியின் பெட்டி அதைத்தான் செய்தது.

சனிக்கிழமைதோறும் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுப்பவர் சுகப்பிரியா டீச்சர். மண்ணில் குத்துகிற ஒரு சென்சார், சத்தம் போடுகிற ஒரு பஸ்ஸர், இரண்டையும் இணைக்க ஒரு சின்ன போர்டு, எல்லாவற்றையும் அடைக்க ஒரு சோப்பு டப்பா தந்தார். லேப்டாப்பில் வண்ணக் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக இழுத்து வைத்து, ‘மண் காய்ந்தால் கத்து’ என்று சுவாதியே புரோகிராம் போட்டாள். டவுனில் பூந்தொட்டிக்கு அது சரி. அப்பா வெள்ளத்துரையின் புஞ்சையில் ஊன்றியதும் பெட்டி பிடித்தது பாருங்கள் ஒரு கத்தல், நிற்கவே இல்லை. மேய்ந்த ஆடுகள் மிரண்டு ஓடின.

“மண்ணு காஞ்சது எங்களுக்குத் தெரியாதாக்கும்!” என்று சிரித்தார் பக்கத்துப் புஞ்சை காளீஸ்வரன்.

சுவாதிக்கு மூக்கு சிவந்துவிட்டது. அப்பாவிடம் கேட்டாள்: “அப்ப உங்களுக்குத் தெரியாதது என்னப்பா?”

வெள்ளத்துரை யோசித்தார். “ஈரம் சாண் ஆழத்துக்கு எறங்குச்சான்னு தெரியாது தாயி. தோண்டிப் பாக்கலாந்தான். மழையக் கண்டா எவனுக்குப் பொறுமை இருக்கு? போன வருசம் மேலாக நனைச்ச மழைய நம்பி வெதச்சு, மொளச்சதெல்லாம் கருகிப்போச்சு. இந்த வருசமும் அப்படி ஆனா மறுவெதைக்கு வழியில்ல.”

அடுத்த சனிக்கிழமை அவள் புரோகிராமை மாற்றினாள். ‘ஈரம் பட்டால் பாடு.’ சென்சாரைச் சாண் ஆழத்தில் புதைத்தாள். பெட்டி வாயை மூடிக்கொண்டது.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் ஊரே விதையோடு கிளம்பிவிட்டது. வெள்ளத்துரையும் குதிரைவாலி விதை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். புஞ்சைக்குப் போனால், பெட்டி கப்சிப்.

“பொட்டி செத்துப்போச்சு. வாங்கண்ணே, வெதப்போம்,” என்றார் காளீஸ்வரன்.

சுவாதிக்கு அழுகை முட்டியது. அப்பா பெட்டியை நம்பாவிட்டால்கூடப் பரவாயில்லை. நம்பி, பெட்டி பொய் சொல்லிவிட்டால்?

“கெட்டுப்போயிருந்தா என்னப்பா செய்ய?” என்றாள்.

அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மண்வெட்டியால் தோண்டினார். மேலே இரண்டு விரற்கடைதான் ஈரம். கீழே புழுதி. மகளின் தலையைத் தடவிவிட்டு மூட்டையைத் திரும்பத் தூக்கினார்.

“ஏண்ணே, சின்னப்புள்ள வெளையாட்டுக்கா வெதைப்ப நிறுத்துறீக?” என்று கேட்டார் காளீஸ்வரன். வெள்ளத்துரை விதைக்காமலே வீட்டைப் பார்த்து நடந்தார். அதற்கப்புறம் அடித்த வெயிலில் காளீஸ்வரனின் முளைகள் தலை சாய்ந்தன. பாவம், அவர் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

அடுத்து வந்த மழை விட்டுவிட்டு இரண்டு நாள் பெய்தது. சனிக்கிழமை காலை சுகப்பிரியா டீச்சரின் வகுப்பில் சுவாதி வயர் சீவிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கீச்சுச் சத்தம். பிள்ளைகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முழங்கால்வரை சேறோடு வெள்ளத்துரை நின்றார். இரண்டு கையிலும் ஏந்திய பெரிய ஈர மண்கட்டியின் மேலிருந்து பெட்டி விடாமல் பாடிக்கொண்டிருந்தது.

“வெதைக்கப் போறேன் டீச்சர். அதுக்கு முன்ன இவ கேக்கணும்ல,” என்றார். “சென்சாரப் புடுங்குனா பாட்டு நின்னுரும்ல, அதான் மண்ணோட பேத்துக் கொண்டாந்தேன்.”